'டப்ளினர்ஸ்' கதைகள் பாதியில் நின்றுவிடுவது போலத் தோன்றுவது ஏன்?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் உள்ள 15 கதைகளையும் வாசித்திருக்கிறீர்கள். கடைசிக் கதையான 'தி டெட்' பிடித்திருக்கிறது. மற்றவை, உங்கள் வார்த்தையிலேயே சொன்னால், "நிமிர்ந்து உட்காரும்போது முடிந்துவிடுகின்றன". ஆனால் எங்கே பார்த்தாலும் இதை உலகச் சிறுகதையின் உச்சம் என்கிறார்கள். "பெரிய பெயர் என்பதால் எல்லோரும் தலையாட்டுகிறார்களா, இல்லை எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகம் நல்லதா கெட்டதா என்பதைவிட, உங்களுக்கு ஏற்பட்ட சலிப்பை நம்பலாமா என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். நம்பலாம். ஆனால் அந்தச் சலிப்பு எதனால் வருகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவன். இந்தத் தொகுப்பிலிருந்து 'அரபி' என்ற கதையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் எடுத்துவருகிறேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பையன் சந்தைக்குப் போனான், ஒண்ணும் வாங்கல, திரும்பிட்டான். இதுல கதை எங்க சார்?" இதை நான் அசட்டுக் கேள்வியாக நினைப்பதில்லை. இந்தப் புத்தகத்தை வாசித்தவர்கள் நூற்றிருபது வருடங்களாகக் கேட்டுவரும் கேள்வி இது. முதலில் கேட்டவர்கள் விவசாயிகள்.

1904-இல் டப்ளினில் 'ஐரிஷ் ஹோம்ஸ்டெட்' என்று ஒரு வார இதழ் வந்துகொண்டிருந்தது. விவசாயக் கூட்டுறவு இயக்கத்தின் பத்திரிகை. பால் பண்ணை, வெண்ணெய், இயந்திரங்கள் என்றுதான் அதன் உலகம். கவிஞர் ஜார்ஜ் ரஸ்ஸல் ஜாய்ஸிடம், வாசகர்களை அதிரவைக்காத எளிமையான கதை ஒன்று கொடு, ஒரு பவுண்டு கிடைக்கும், வேறு பெயரில்கூட எழுதிக்கொள்ளலாம் என்று கேட்டார். ஜாய்ஸுக்கு அப்போது 22 வயது. ஸ்டீபன் டெடாலஸ் என்ற புனைபெயரில் 'தி சிஸ்டர்ஸ்' ஆகஸ்டிலும் 'ஈவ்லின்' செப்டம்பரிலும் 'ஆஃப்டர் தி ரேஸ்' டிசம்பரிலும் வந்தன. அத்தோடு சரி. வாசகர்களிடமிருந்து புகார்க் கடிதங்கள் வருகின்றன, இனி வேண்டாம் என்று ஆசிரியர் நிறுத்திவிட்டார். ஆக, இந்தக் கதைகளுக்குக் கிடைத்த முதல் வாசக எதிர்வினையே "போதும்" என்பதுதான்.

அடுத்து வந்த வாசகர் ஓர் அச்சகக்காரர். 1906-இல் லண்டன் பதிப்பாளர் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் தொகுப்பை வெளியிட ஒப்புக்கொண்டு, 'டூ கேலன்ட்ஸ்' கதையை அச்சுக்கு அனுப்பினார். அச்சகத்தார் மறுத்துவிட்டார். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி ஆபாசம் என்று வழக்கு வந்தால் எழுதியவரோடும் பதிப்பித்தவரோடும் அச்சடித்தவரும் மாட்டிக்கொள்வார். அதனால் அவர்தான் அந்தக் காலத்தின் மிகக் கவனமான வாசகர். பென்சிலும் கையுமாக வரி வரியாகப் படித்தார். வேறு கதைகளிலும் சில வரிகளைச் சுழித்தார். இங்கே ஜாய்ஸ் செய்த காரியம் எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். "இதையெல்லாம் குற்றம் சொல்கிறீர்களே, 'ஆன் என்கவுன்ட்டர்' கதையில் இருக்கும் பெரிய விஷயம் உங்கள் அச்சகத்தாரின் கண்ணில் படவில்லையே" என்ற பொருள்பட அவரே பதிப்பாளருக்கு எழுதினார். பதிப்பாளர் உடனே அந்தக் கதையையும் எடுத்துவிடச் சொன்னார். வெளியில் படுத்திருக்கும் இரண்டு பள்ளி மாணவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசும் கிழவர், கொஞ்ச நேரம் எழுந்துபோய்த் திரும்பி வருகிறார். அந்த இடைவெளியில் அவர் என்ன செய்தார் என்று கதை சொல்வதில்லை. ஒரு சிறுவன் மற்றவனிடம் "அவர் என்ன பண்றார் பாரு" என்கிறான். இவன் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. அச்சகத்தார் முதலில் தாண்டிப் போனது அந்த இடத்தைத்தான். சொல்லாமல் விடுவது இந்தக் கதைகளில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டப்ளினின் மான்ஸல் நிறுவனம் 1909-இல் ஒப்பந்தம் போட்டது. ஏழாம் எட்வர்டு அரசரைப் பற்றிய சில வரிகளுக்காகவும், கதைகளில் வரும் நிஜ மதுக்கடைப் பெயர்களுக்காகவும் பயந்து இழுத்தடித்தது. ஜாய்ஸ் 1911-இல், இந்த வரிகள் உங்கள் தந்தையை அவமதிக்கின்றனவா என்று ஐந்தாம் ஜார்ஜுக்கே கடிதம் எழுதினார். இதில் மன்னர் கருத்துச் சொல்வது மரபல்ல என்று செயலாளரிடமிருந்து பதில் வந்தது. 1912-இல் அச்சான தாள்களை அச்சகத்தாரே அழித்துவிட்டார். ஜாய்ஸ் ஒரு மெய்ப்புப் பிரதியோடு டப்ளினைவிட்டுப் போனவர் அதன்பின் அங்கே திரும்பவே இல்லை. கடைசியில் அதே கிராண்ட் ரிச்சர்ட்ஸ் 1914 ஜூன் 15 அன்று 1250 பிரதிகள் வெளியிட்டார். அந்த வருடக் கடைசி வரை விற்றவை 499. அதில் 120 பிரதிகளை ஒப்பந்தப்படி ஜாய்ஸே வாங்கியிருந்தார். உரிமைத்தொகை 500 பிரதிகளுக்கு மேல்தான்!

அன்றைய மதிப்புரைகளைப் படித்தால் உங்கள் கேள்வி அப்படியே அங்கே இருப்பது தெரியும். எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் ஏன் இத்தனை சோர்வான மனிதர்கள், ஏன் இப்படிப்பட்ட விஷயங்கள் என்பதே பலரின் தொனி. ஜெரால்ட் கூல்டு மட்டும் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில், பெயர் தெரியாத இந்த ஆளை மேதை என்று சொல்லத் தைரியம் வேண்டும், ஆனாலும் மேதைதான் என்று எழுதினார். கவிஞர் எஸ்ரா பவுண்ட் 'ஈகோயிஸ்ட்' இதழில் எழுதியதுதான் உங்களுக்கு நேரடியாக உதவும். 'அரபி' ஒரு கதை என்பதைவிட மேலானது, அது உயிருள்ள ஒரு காத்திருப்பு என்றார். அதாவது "ஒன்றும் நடக்கவில்லை" என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். காத்திருப்பதையே நடப்பாக எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

சரி, நடப்பு இல்லாத கதையில் எதைப் பிடித்துக்கொண்டு போவது? இங்கே என் சொந்த வழியைச் சொல்கிறேன். காசுக் கணக்கைப் பாருங்கள். ஜாய்ஸ் மனிதர்களின் மனதில் இருப்பதைச் சொல்ல எவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறாரோ, அவர்கள் பையில் இருப்பதைச் சொல்வதில் அவ்வளவு துல்லியம் காட்டுகிறார். 'அரபி'யில் மாமா குடித்துவிட்டுத் தாமதமாக வந்து பையனுக்குக் கொடுப்பது ஒரு ஃப்ளோரின், அதாவது இரண்டு ஷில்லிங், 24 பென்ஸ். சந்தை மூடிவிடுமோ என்ற அவசரத்தில் ஆறு பென்ஸ் நுழைவாயிலைத் தேடிக்கொண்டிருக்க முடியாமல் ஒரு ஷில்லிங் கொடுத்து உள்ளே போகிறான். கடைசியில் பையில் இரண்டு பென்னிகளை ஓர் ஆறு பென்ஸ் நாணயத்தின் மேல் விழவிடுகிறான். 24-இல் 12 போனால் 12. கையில் மிச்சம் எட்டு. ஆக ரயிலுக்கு நான்கு பென்ஸ் போயிருக்க வேண்டும். அது ஒருவழிக் கட்டணமா, இருவழியா என்று கதை சொல்லவில்லை. ஒருவழி என்றால், வீடு திரும்பக் காசு ஒதுக்கிய பிறகு அவன் மனதில் இருக்கும் பெண்ணுக்குப் பரிசு வாங்க அவனிடம் மிஞ்சுவது நான்கு பென்ஸ். பீங்கான் ஜாடி விற்கும் கடை முன்னால் நான்கு பென்ஸோடு ஒரு பையன். இருட்டைப் பார்த்துக் கண் எரிய நிற்கும் அந்தக் கடைசி வாக்கியத்தை இந்தக் கணக்குப் போட்டபிறகு வாசித்தால் வெறும் கவித்துவமாகத் தெரியாது. வகுப்பில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். மாமா உள்ளே வரும்போது தனக்குத் தானே பேசிக்கொள்வதையும், அவர் மாட்டிய கோட்டின் பாரத்தில் கோட்டு மாட்டும் சட்டம் ஆடும் சத்தத்தையும் கேட்டு "அந்த அடையாளங்கள் எனக்குப் புரிந்தன" என்கிறான் பையன். வீட்டில் குடிக்கிறவர்கள் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த இடத்தை விளக்க வேண்டியதே இல்லை. மற்றவர்களுக்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

இப்போது 'டூ கேலன்ட்ஸ்'. நீங்கள் அதை "எதற்கென்றே தெரியாத கதை" என்று எழுதியிருந்தீர்கள். கார்லி ஒரு வேலைக்காரப் பெண்ணை அழைத்துக்கொண்டு போகிறான். அவன் நண்பன் லெனஹன் தெருத்தெருவாகச் சுற்றுகிறான். காலையிலிருந்து பிஸ்கட் தவிர ஒன்றும் சாப்பிடாதவன், ஒரு மட்டமான கடைக்குள் நுழைந்து வேகவைத்த பட்டாணி ஒரு தட்டும் இஞ்சி பீரும் வாங்கிச் சாப்பிடுகிறான். நவம்பர் வந்தால் 31 வயது. வேலையும் வீடும் எப்போதாவது கிடைக்குமா என்று யோசிக்கிறான். கதை முழுக்க அவன் படபடப்பாகக் காத்திருப்பது எதற்காக என்று நமக்குத் தெரியாது. அந்தப் பெண்ணைப் பற்றிய ஏதோ வம்பு என்றுதான் நினைப்போம். கடைசி வரியில் கார்லி விளக்கடியில் உள்ளங்கையை விரிக்கிறான். ஒரு சின்னத் தங்கக் காசு. ஆக, இவர்கள் இரவெல்லாம் வேலை செய்தது அந்தப் பெண்ணிடமிருந்து காசு கறக்கத்தான். இதுவரை சந்தேகமில்லை.

சந்தேகம் இனிமேல்தான். காசு அவளுடைய சேமிப்பா, எஜமானர் வீட்டில் திருடியதா? கதை சொல்வதில்லை. ஆனால் திரும்பிப் பாருங்கள்: அவள் வீட்டுக்குள் போகும்போது வேலையாட்களுக்கான கீழ்த்தளப் படியில் இறங்கிப் போகிறாள். சில நிமிடம் கழித்து முன்வாசல் கதவு மெதுவாக, எச்சரிக்கையாகத் திறக்கிறது. ஒரு பெண் முன்படிகளில் ஓடி இறங்கி வருகிறாள். கீழே போனவள் மேலே வழியாக ஏன் வர வேண்டும்? வீட்டுக்குள் அறைகளைக் கடந்து வந்திருக்கிறாள். திருட்டு என்று வாசிப்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். எனக்கும் அது வலுவான வாசிப்பாகவே படுகிறது. ஆனால் நிரூபணம் கிடையாது. அவளுடைய பெட்டி மேல்மாடி அறையில் இருந்திருக்கலாம். காசு முழுப் பவுனா அரைப் பவுனா என்பதும் தெரியாது. எதுவானாலும் ஒரு வேலைக்காரிக்குச் சில வாரச் சம்பளம். அந்தப் பெண்ணின் மனதில் என்ன ஓடியது என்று ஒரு வரியும் இல்லை. நீங்கள் "முடிந்துவிட்டது" என்று நினைத்த இடம் உண்மையில் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டிய இடம்.

இது ஜாய்ஸ் தெரியாமல் செய்ததா, தெரிந்தே செய்ததா என்று கேட்கலாம். தெரிந்தேதான். 'தி சிஸ்டர்ஸ்' கதைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 1904-இல் பத்திரிகையில் வந்ததில், இறந்துபோகும் பாதிரியாரைப் பற்றிக் கிழவர் காட்டர், மேல்மாடி காலி என்று நெற்றியைத் தட்டிக்காட்டி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். 1914 புத்தகத்தில் அதே காட்டர் "அப்படிச் சொல்ல மாட்டேன்... ஆனா ஏதோ ஒண்ணு..." என்று வாக்கியங்களை முடிக்காமலே புகைக்குழாயை இழுக்கிறார். முதலில் இருந்த விளக்கத்தைப் பிடுங்கிவிட்டுப் புள்ளிகளை வைத்திருக்கிறார் ஆசிரியர். கதை சொல்லும் பையனுக்குப் பெரியவர்கள் பேச்சு எப்படிக் கேட்குமோ அப்படியே நமக்கும் கேட்கிறது. இது உங்களுக்கு எரிச்சல் தருகிறது என்றால், கதைக்குள் அந்தப் பையனுக்கும் எரிச்சல்தான். கிழவரை மனதுக்குள் திட்டிக்கொள்கிறான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. புகழ்கிற வாசகர்கள், குறிப்பாக என் தொழிலில் இருப்பவர்கள், ஜாய்ஸ் விட்ட இடைவெளிகளை மூச்சுமுட்ட நிரப்பிவிட்டார்கள். 'க்ளே' கதையில் வரும் மரியா என்ற குள்ளமான, அப்பாவியான அம்மாள் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவளைக் கன்னி மேரி என்கிறார்கள், சூனியக்காரி என்கிறார்கள், அயர்லாந்தே அவள்தான் என்கிறார்கள். எனக்கு இதில் எதிலும் பெரிய நம்பிக்கை இல்லை. கண்ணைக் கட்டி விளையாடும்போது அவள் விரல் ஈரமான எதையோ தொடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்களை அதட்டுகிறார்கள். மறுபடி தொடச் சொல்கிறார்கள். அது களிமண், அந்த விளையாட்டில் சாவுக்கு அடையாளம் என்பதைத் தலைப்பு மட்டுமே சொல்கிறது. அதன்பின் பாடச் சொன்னால், இரண்டாம் சரணத்துக்குப் பதிலாக முதல் சரணத்தையே திரும்பப் பாடுகிறாள். அவள் விட்டுவிட்ட சரணத்தில் தன்னைத் தேடி மணம் கேட்டு வருகிறவர்களைப் பற்றி வரும். யாரும் திருத்தவில்லை. எனக்கு இதுவே போதும். மேரி மாதா தேவைப்படவில்லை.

'ஈவ்லின்' பற்றியும் இப்படி ஒரு சண்டை உண்டு. நம்மில் பலர் அதை, விடுதலைக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பைப் பயத்தில் விட்ட பெண்ணின் கதையாக வாசிக்கிறோம். ஹியூ கென்னர் என்ற விமர்சகர் கேட்டார்: அவளைக் கூட்டிப்போக வந்த மாலுமி ஃபிராங்க் சொல்வது உண்மை என்று யார் சொன்னது? அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் வீடு தயார் என்கிறான், ஆனால் டப்ளினிலேயே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கப்பல் ஏறும் நார்த் வாலிலிருந்து அன்று போன படகுகள் பெரும்பாலும் லிவர்பூலுக்குத்தான். இதை வாசித்தபிறகு கதை அப்படியே தலைகீழாகிவிடும். ஆனால் லிவர்பூல் போய்த்தான் பெரிய கப்பல் ஏற வேண்டும் என்பதால் அது ஏமாற்றுக்குச் சான்றாகாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வாரம் ஏழு ஷில்லிங் சம்பளத்தை முழுசாக அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சனிக்கிழமைதோறும் வீட்டுச் செலவுக்குச் சண்டை போட்டு வாங்கும் ஒரு பெண், துறைமுகக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிடுகிறாள். அவன் நல்லவனா என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவள் முடிவெடுக்க வேண்டியிருந்ததே அந்த நிலையில்தான்.

இந்த நிரப்பும் ஆசையைக் கிண்டல் செய்து அயர்லாந்திலேயே ஒரு கதை இருக்கிறது. வில்லியம் ட்ரெவரின் 'டூ மோர் கேலன்ட்ஸ்'. ஒரு மாணவன், ஜாய்ஸ் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்மேல் உள்ள கோபத்தில், ஒரு வயதான வேலைக்காரியைப் பிடித்து, அந்தத் தங்கக் காசுப் பெண் நான்தான் என்பதுபோல அவரிடம் சொல்லவைக்கிறான். பேராசிரியர் பரவசப்பட்டுக் கட்டுரை வாசித்து மாட்டிக்கொள்கிறார். எங்கள் ஆட்களுக்கு இது வேண்டும்.

'தி டெட்' மட்டும் பிடித்ததற்கும் காரணம் இருக்கிறது. அதை உங்கள் ரசனைக் குறைவாக எண்ண வேண்டாம். அது கடைசியில், 1907-இல் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ரோமிலிருந்து தம்பி ஸ்டானிஸ்லாஸுக்கு எழுதிய கடிதத்தில், அயர்லாந்திடம் தேவைக்கு மேல் கடுமையாக நடந்துகொண்டேனோ, அதன் விருந்தோம்பலைக் காட்டவே இல்லையே என்று ஜாய்ஸ் வருந்துகிறார். அந்த விருந்தோம்பல்தான் மோர்க்கன் சகோதரிகளின் விருந்து. மனைவி கிரெட்டா ஒரு பாட்டைக் கேட்டு, தனக்காக உயிரைவிட்ட மைக்கேல் ஃபியூரியை நினைத்து அழுவதும், கணவன் கேப்ரியல் ஜன்னலில் பனியைப் பார்த்தபடி படுத்திருப்பதும் மற்றக் கதைகளைவிட நீளமாக, இரக்கத்தோடு சொல்லப்படுகின்றன. உங்களுக்கு உள்ளே வர இடம் கொடுத்த கதை அது. அதற்காக அதன் முடிவு தெளிவானது என்று நினைத்துவிடாதீர்கள். மேற்கே பயணம் போகும் நேரம் வந்துவிட்டது என்று கேப்ரியல் நினைப்பது சாவா, மனம் மாறுவதா என்பதில் விமர்சகர்கள் இன்றும் இரண்டு கட்சி. நான் மனம் மாறுவது என்ற பக்கம், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

என் எல்லையையும் சொல்ல வேண்டும். 'ஐவி டே இன் தி கமிட்டி ரூம்' கதையை நான் இன்னமும் வெளியிலிருந்துதான் வாசிக்கிறேன். அயர்லாந்தின் தன்னாட்சிக்குப் போராடிய தலைவர் பார்னெல் இறந்து பல வருடம் கழித்து, நகராட்சித் தேர்தலுக்குக் கூலிக்கு வாக்குச் சேகரிக்கும் ஆட்கள் குளிரில் பீர் புட்டிக்குக் காத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பேச்சிலும் இருக்கும் வர்க்கமும் கட்சியும் டப்ளின்காரர் காதுக்கு உடனே விளங்கும். எனக்குக் குறிப்புகள் வழியாகத்தான் விளங்குகிறது. அங்கே உங்களுக்குச் சலிப்புத் தட்டினால் அதை ஜாய்ஸ்மேல் போடாதீர்கள், உங்கள்மேலும் போடாதீர்கள். டெரன்ஸ் பிரவுன் குறிப்பு எழுதிய பெங்குயின் பதிப்பு கிடைத்தால் அந்த ஒரு கதைக்காகவே வாங்கலாம்.

மறுபடி முயல நினைத்தால், 15-ஐயும் திரும்ப வாசிக்க வேண்டாம். 'டூ கேலன்ட்ஸ்', 'க்ளே', அப்புறம் 'கவுன்ட்டர்பார்ட்ஸ்' மட்டும். மூன்றாவதில் குமாஸ்தா ஃபேரிங்டன் தன் சங்கிலிக் கடிகாரத்தை அடகு வைக்கும்போது கடைக்காரர் ஐந்து ஷில்லிங் என்கிறார், இவன் பிடிவாதமாக ஆறு வாங்குகிறான். அந்த ஆறு ஷில்லிங் இரவு எப்படிக் கரைகிறது, வீட்டுக்கு வரும்போது பையில் எவ்வளவு, அடி யாருக்கு விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். 'ஆஃப்டர் தி ரேஸ்' பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் பிடிக்காது, தொகுப்பிலேயே பலவீனமான கதை அதுதான் என்பது என் கருத்து, அதை நீங்கள் தாராளமாக விட்டுவிடலாம்.